பட்டாணி அளவு மெழுகு

கோப்பையைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்காதீர்கள், இன்ஸ்பெக்டர். கைப்பிடி அழகுக்கு வைத்தது. தூக்குவதற்கு நமக்கு இரண்டு கைகள் இருக்கின்றன. ஒன்று அடியில், ஒன்று பக்கத்தில். நீங்கள் இப்போது டீ குடிப்பது கடைத்தெருவில் வாங்கிய கோப்பைதான், உடைந்தால் யாரும் துக்கம் கொண்டாடப் போவதில்லை. ஆனாலும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. சாதாரணக் கோப்பையிடம் ஒழுங்காக நடந்துகொண்டால்தான் நல்ல கோப்பை வரும்போது கை தடுமாறாது. இதை என் அக்காவிடம் எத்தனையோ தடவை சொன்னேன். அவள் கேட்டதே இல்லை. இப்போது கேட்கும் நிலையிலும் இல்லை.

கான்ஸ்டபிள் ஐயா, நீங்கள் அந்த அலமாரிமேல் சாய வேண்டாம். நிமிர்த்தி வைத்திருக்கிறார்களே தவிர, இன்னும் சுவரோடு பிணைக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதுங்கள். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து வரிசையாக வைத்திருப்பவைதான் அலமாரியில் இருந்தவை. உங்கள் ஆட்கள் வந்து ஒவ்வொன்றின் மேலும் கறுப்புப் பொடி தூவி ரேகை எடுத்தார்கள். என் ரேகை கிடைத்திருக்கும். துடைக்கிறவளின் ரேகை கிடைக்காமல் வேறு யாருடையது கிடைக்கும். அந்தப் பொடியை எடுக்க எனக்கு ஒரு முழுப் பகல் ஆயிற்று. ஈரத்துணி போட்டால் தங்கப்பூச்சு போய்விடும். மெல்லிய தூரிகையால் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். அக்கா போன சோகத்தில் எனக்கு அது ஆறுதலாக இருந்தது. உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அப்பா ஏலக் கம்பெனியில் மதிப்பீட்டாளராக இருந்தார். ஊரைவிட்டுப் போகிற வெளிநாட்டுக் குடும்பங்களின் வீடுகளைக் காலி செய்து ஏலம் விடுகிற கம்பெனி. மற்ற அப்பாக்கள் சாயங்காலம் மிட்டாய் வாங்கி வந்தார்கள். எங்கள் அப்பா ஏலத்தில் யாரும் கேட்காத பீங்கானை வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தார். பொஹீமியாவின் சிவப்புக் கண்ணாடிக் கோப்பைகள், காட்டுக்குள் மான் ஓடுவதுபோலச் செதுக்கியவை. வெனிஸ் நகரத்துக் கண்ணாடிக் கிண்ணம், உள்ளுக்குள் வெள்ளை நூலை முறுக்கிவிட்ட மாதிரி இருக்கும். கண்ணாடிக்குள் நூல் எப்படிப் போனது என்று பார்த்துக்கொண்டே ஒரு பிற்பகலைக் கழித்துவிடலாம். நான் கழித்திருக்கிறேன். டச்சுக்காரர்களின் நீலமும் வெள்ளையுமான தட்டுகள். பிறகு, அதோ ஓரமாகத் தனியாக நிற்கிற ஜோடி.

ஆடு மேய்க்கும் பையனும் பெண்ணும். ஜெர்மன் பீங்கான். அடியில் நீல நிறத்தில் இரண்டு வாள்கள் குறுக்காகப் போட்டிருக்கும். போலி செய்கிறவர்களும் அதே வாள்களைத்தான் போடுவார்கள் என்பது வேறு விஷயம். இவை போலி இல்லை. அப்பா சொன்னார், நானும் ஒப்புக்கொண்டேன், அது போதும். பையன் குழல் ஊதுகிறான், தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. பெண்ணின் மடியில் ஓர் ஆட்டுக்குட்டி, அவள் தலை மறுபக்கம் திரும்பியிருக்கிறது. சேர்த்து வைத்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிரித்து வைத்தால் பையன் சுவரைப் பார்த்து ஊதுவான், பெண் ஜன்னலைப் பார்த்துச் சிரிப்பாள். மனநல விடுதியில் ஆளுக்கொரு அறையில் போட்ட மாதிரி.

இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். அப்பா அக்காவுக்குப் புயல் என்று பெயர் வைத்திருந்தார், எனக்குப் பூனை. அவள் ஓர் அறைக்குள் வந்தால் திரைச்சீலைக்கே தெரியும். நான் வந்தால் யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்கு நடுவே நடந்து பழகியவளுக்கு அப்படித்தான் நடை அமையும். அக்கா தொட்டால் மனிதர்கள் சிரிப்பார்கள். நான் தொட்டால் பொருட்கள் பளபளக்கும். அவரவருக்கு ஒரு திறமை. அவள் உடைத்தவற்றைச் சொல்லத் தொடங்கினால் கான்ஸ்டபிளின் காகிதம் போதாது. நான் எதையும் உடைத்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, நாகரிகம் தெரிந்தவர். என்னைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் டச்சுத் தட்டில் சிகரெட் சாம்பலைத் தட்டினார். அத்தோடு அந்த அத்தியாயம் முடிந்தது. அக்கா மட்டும் அவருக்காகப் பரிந்து பேசினாள். "நல்ல மனுஷன்டி, ஒரு தட்டுக்காக வேண்டாங்கிறியே" என்றாள். நல்ல மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தத் தட்டு ஒன்றுதான் இருந்தது.

மெழுகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு எப்படியும் கேட்பீர்கள்.

இந்தத் தெருவில் லாரிகள் போகும். போகும்போது வீடு லேசாக அதிரும், உங்களுக்குத் தெரியாது. ஆனால் பீங்கானுக்குத் தெரியும். பீங்கான் நடக்கும், இன்ஸ்பெக்டர். காலையில் பலகையின் நடுவில் வைத்தது சாயங்காலம் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்கும். அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் பட்டாணி அளவு மெழுகை மூன்று இடத்தில் ஒட்டி, பலகையில் வைத்து அழுத்தி, மெல்ல ஒரு திருகு திருக வேண்டும். பிறகு பூகம்பமே வந்தாலும் அசையாது. எடுக்கும்போது இழுக்கக் கூடாது. இழுத்தால் மெழுகு வராது, பொம்மையின் கால் வரும். அடியை விரலால் பிடித்து, பொறுமையாகத் திருகி, மெழுகு தானாக விடுகிறவரை காத்திருக்க வேண்டும். புது மெழுகு வெண்ணெய் மாதிரி வெள்ளையாக இருக்கும். மாதங்கள் போனால் மஞ்சளாகி இறுகிவிடும். அப்போது சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். இந்த வேலையில் எனக்குச் சலிப்பே வந்ததில்லை.

இன்னும் சில விதிகள் உண்டு. கனமானவை கீழே, லேசானவை மேலே. அலமாரியின் தலையை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைக்க வேண்டும். கீழ்ப்பலகை விளிம்பில் யாரும் கால் வைத்து ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாமான் நிறைந்த அலமாரியை நகர்த்தவே கூடாது. முதலில் காலி செய்ய வேண்டும், பிறகுதான் தொட வேண்டும். பீங்கான் வைத்திருக்கிற எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

அக்கா கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். விடுமுறைக்கு வருவாள். வந்ததும் சிவப்புக் கோப்பைக்குள் வீட்டுச் சாவியைப் போடுவாள். வெனிஸ் கிண்ணத்தில் ஊக்குகளும் காதணியும் கிடக்கும். நான் எடுத்துத் துடைத்து உள்ளே வைப்பேன். அவள் சிரிப்பாள். "பூட்டிப் பூட்டி வெச்சு என்னடி பண்ணப் போற? போகும்போது கூடவே எடுத்துட்டுப் போவியா?" எடுத்துக்கொண்டு போக முடியாது என்பது எனக்கும் வருத்தம்தான்.

அப்பா போன பிறகு எல்லாம் இந்த வீட்டிலேயே இருந்தது. இருவருக்கும் சமம் என்று அவர் சொல்லியிருந்தார். சாகப்போகிறவர்கள் பெருந்தன்மையாக இருப்பார்கள். அவர்களுக்கு என்ன, துடைக்கவா போகிறார்கள். அக்கா அதைப்பற்றிப் பேசாமலேயே இருந்தாள். பிறகு புதிதாக வீடு கட்டினாள். கூடத்தில் கண்ணாடி அலமாரி வைத்தாள். அது காலியாக இருந்தது.

போன முறை அக்கா தன் கணவரோடு, எங்கள் மாமாவோடு வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் பேச்சு வந்தது.

"உன் தங்கச்சி இந்த மியூசியத்துக்கு டிக்கெட் போட்டா நல்லா ஓடும்" என்றார் மாமா.

"பாதி டிக்கெட் எனக்கு" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "விளையாட்டு இல்லடி பூனை. என் பங்கை எடுத்துட்டுப் போயிடுறேன். பேரப்பிள்ளைங்க வராங்க, போறாங்க. எங்க கொள்ளுத்தாத்தா வீட்டுதுன்னு தொட்டுப் பார்க்கட்டுமே."

தொட்டுப் பார்க்கட்டும். எவ்வளவு இயல்பாகச் சொன்னாள் என்பதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

"ஜோடி?" என்று கேட்டேன்.

"ஆளுக்கு ஒண்ணு. நீ பொண்ணை வெச்சுக்கோ, நான் பையனைக் கூட்டிட்டுப் போறேன்." என் கன்னத்தைக் கிள்ளினாள். "முகத்தைப் பாரு. பையனை நல்லா வெச்சுக்குவேன்டி."

அது விளையாட்டுக்குச் சொன்னது என்று மாமா இப்போது அழுதுகொண்டே சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலமே நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலிலிருந்து பார்த்தேன். அக்கா அலமாரியைத் திறந்து அந்த ஜோடியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையை விரித்துச் சாண் போட்டாள். உயரத்துக்கு ஒரு சாண், அகலத்துக்குச் சாணும் சில விரல்களும். ஒன்றை மட்டும் அளக்கவில்லை. இரண்டையும் சேர்த்து அளந்தாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே அளந்தாள்.

என்னைக் கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி கையைப் பின்னால் மறைத்தாள்.

"என்னக்கா பார்க்கிற?"

"ஒண்ணுமில்லடி. தூசி."

இந்த வீட்டில் தூசி. அதுவும் என்னிடம்.

ஏலக் கம்பெனிக்காரரின் மகளுக்கு ஒரு பொருளைக் கையால் அளந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எடுத்துப் போகிறவன்தான் அளப்பான், பெட்டிக்காக. ஆளுக்கு ஒன்று என்பது வாய்க்கு, இரண்டும் என்பது கைக்கு. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். உண்மையில் ஒரு பெரிய நிம்மதி வந்தது. இத்தனை காலம் அக்காவை என்னால் வெறுக்க முடியாமல் இருந்தது. அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. யார்மேலும் பாரமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியை வெறுப்பது எவ்வளவு கஷ்டமான காரியம் தெரியுமா. அன்று அவளே வழிவிட்டாள்.

பிரிக்கிற நாளும் வந்தது. நான் பொறுப்பாகவே நடந்துகொண்டேன். அலமாரியின் கீழ்த்தட்டுகளில் இருந்த கனமான சாப்பாட்டுத் தட்டுகள், மண்சாடிகள், எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து அவள் பங்காகப் பெட்டிகளில் கட்டி வைத்தேன். மேல்தட்டுகளில் இருந்ததை அவள் வந்த பிறகு சேர்ந்து பிரிப்பதாக ஏற்பாடு. அக்கா வண்டியோடு வந்தாள். கூட மூட்டை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர். அவர்களைக் கீழேயே இருக்கச் சொன்னேன், கூப்பிடும்போது வந்தால் போதும் என்று. அவர்கள் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். அன்றைக்கு அவளுக்கு என்னவோ உற்சாகம். "வண்டியில ஒரு அட்டைப்பெட்டி இருக்கு, அதைக் கடைசியா எடுத்துட்டு வரச் சொல்றேன். முதல்ல மேல இருக்கிறதை இறக்கிடுவோம்" என்றாள். எதற்கான பெட்டி என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது.

பிறகு அவள் கதவு இரண்டையும் விரியத் திறந்து, கீழ்ப்பலகை விளிம்பில் கால் வைத்து ஏறி, மேல்தட்டுக்குக் கையை நீட்டினாள்.

அலமாரி தடாலென்று விழவில்லை. பெரிய மரச்சாமான்கள் விழுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கும். இதுவும் யோசித்தது, பிறகு முன்னால் சாய்ந்தது. அக்காவுக்குப் பின்னால் அதோ அந்தக் கருங்காலி சோபா இருந்ததால் தரைவரை போகவில்லை. சோபாவின் முதுகுக்கும் அலமாரிக்கும் நடுவில் அக்கா இருந்தாள். நெஞ்சுமேல் அலமாரியின் நடுப்பலகை. கதவுக் கண்ணாடி ஒன்றில் கீறல் விழுந்தது. அந்தக் கதவு பிற்காலத்தில் மாற்றியது, பழசு இல்லை, அதனால் பரவாயில்லை.

மேல்தட்டுகளில் இருந்தது எதுவும் விழவில்லை. மெழுகு பிடித்துக்கொண்டது. தலைகுப்புறச் சாய்ந்த பலகைகளில் பையனும் பெண்ணும் கோப்பைகளும் வௌவால் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்ற காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். ஏன் உடனே ஆட்களைக் கூப்பிடவில்லை என்று. நான்தான் சொன்னேனே, நிறைந்த அலமாரியை நகர்த்தக் கூடாது. அவர்கள் வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? எண்ணெய்க் கையோடு இரண்டு பக்கமும் பிடித்து ஒரே மூச்சில் தூக்கியிருப்பார்கள். அந்த ஆட்டத்துக்கு மெழுகு தாங்குமா. அதனால் காலி செய்யத் தொடங்கினேன்.

அக்காவுக்குக் குரல் சன்னமாகத்தான் வந்தது. "பூனை, மூச்சு முட்டுதுடி. ஆளுங்களைக் கூப்பிடு."

"இருக்கா. மேல்தட்டு மட்டும் எடுத்துடுறேன். நிறைஞ்ச அலமாரியைத் தூக்கக் கூடாதுன்னு உனக்கே தெரியுமே."

"தெரியும்டி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சீக்கிரம் எடுடி" என்றாள். எல்லாவற்றிலும் அவசரம்.

ஜோடியை முதலில் எடுத்தேன். சாய்ந்த பலகையில் கையை விட்டு, அடியைப் பிடித்து, பொறுமையாகத் திருகி, மெழுகு விடுகிறவரை காத்திருந்தேன். பையனை மெல்லிய காகிதத்தில் சுற்றி மேஜைக்குக் கொண்டுபோனேன். இரண்டு கைகளாலும்தான். பிறகு வந்து பெண்ணை. அவள் மடியிலிருக்கும் ஆட்டுக்குட்டியின் காது மிகவும் மெல்லியது, அதைத் தனியாகப் பஞ்சு வைத்துச் சுற்ற வேண்டும். பிறகு வெனிஸ் கிண்ணம். பிறகு நீலத் தட்டுகள். அக்கா என் கணுக்காலை ஒருமுறை தொட்டாள். கிண்ணம் கையில் இருந்ததால் நான் அசையவில்லை. நீங்களாக இருந்தாலும் அசைந்திருக்க மாட்டீர்கள். சிவப்புக் கோப்பைகளுக்கு வந்தபோது அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அக்கா பேசாமல் இருந்தால் கோபம் என்று அர்த்தம். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

எல்லாம் முடிந்ததும் ஜன்னலிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டேன். காலி அலமாரி எவ்வளவு லேசு என்று பாருங்கள், இருவரும் சுலபமாக நிமிர்த்திவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மேஜையைப் பார்த்தார், வரிசையாக இருந்த பொட்டலங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, கீழதானே உட்கார்ந்திருந்தோம். ஒரு குரல் கொடுத்திருக்கலாமே" என்றார். நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். மருத்துவமனையில் டாக்டரும் அதையே சொன்னார். கொஞ்சம் முன்னாடி எடுத்திருந்தால் பிழைத்திருப்பாராம். டாக்டர்களுக்கு எல்லாமே கொஞ்சம் முன்னாடி நடந்திருக்க வேண்டும்.

இது விபத்து, ஒரு முட்டாள் பொம்பளையின் தாமதம், அவ்வளவுதான் என்று உங்கள் மேலதிகாரி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். முட்டாள் என்பதைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் இப்போது கைப்பையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சின்ன வெள்ளை உருண்டை. அதை அக்கா மகள் கொடுத்தாளா? நினைத்தேன். கெட்டிக்காரி. சின்னதிலிருந்து விடுமுறைக்கு வந்து என்கூட உட்கார்ந்து மெழுகு உருட்டியவள்.

"உங்க அக்கா பொண்ணு ஒரே ஒரு கேள்விதாம்மா கேட்டாங்க" என்கிறீர்கள். சொல்ல வேண்டாம், என்னிடமும் அதைத்தான் கேட்டாள். இந்தப் பொருட்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சித்தி, மறுநாள் வண்டியில ஏத்தப்போற சாமானுக்கு யாராவது புது மெழுகு வைப்பாங்களா?"

நல்ல கேள்வி. வைக்க மாட்டார்கள். போகப்போகிற பொருளுக்கு மெழுகைச் சுரண்டி எடுப்பார்கள், வைக்க மாட்டார்கள். பீங்கான் தெரியாத ஒருவர் இந்தத் தப்பைச் செய்திருக்கவே முடியாது. அவர் பாட்டுக்கு அலமாரியை விழ விட்டிருப்பார், எல்லாம் நொறுங்கியிருக்கும், நீங்களும் பாவம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பீர்கள். என்னால் முடியவில்லை. அலமாரி சாயப்போகிறது என்று தெரிந்த பிறகு அதற்குள் பழைய மெழுகோடு பீங்கானை நிற்கவிட என் கை ஒப்பவில்லை. முந்தைய நாள் பிற்பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, சுரண்டி, புதிதாக உருட்டி, வழக்கமான மூன்றுக்குப் பதிலாகத் தாராளமாகவே வைத்தேன்.

ஆமாம், தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

தச்சரை வரவழைத்து இரும்புப் பட்டையைக் கழற்றச் சொன்னது நான்தான். "திரும்ப மாட்டிக் கொடுத்துட்டுப் போறேன்மா, இது ஆபத்து" என்றார். எப்படியும் காலி செய்யப்போகிறோம், எதற்கு வீண்வேலை என்றேன். கீழ்த்தட்டின் கனத்தையெல்லாம் முன்கூட்டியே எடுத்ததும் அதற்காகத்தான். அப்படியும் சும்மா நின்றுகொண்டுதான் இருந்தது, நல்ல அலமாரி. அதனால் அக்காவிடம் சொன்னேன். "ரெண்டு கதவையும் நல்லாத் திறந்துக்கோக்கா. எட்டலைன்னா கீழ்ப்பலகையில கால் வெச்சு ஏறிக்கோ."

அவளுக்கு ஆச்சரியம். "என்னடி, இன்னிக்குத் திட்டலையா?"

"இன்னிக்கு மட்டும்" என்றேன்.

அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா. வாழ்நாள் முழுக்க நான் போட்ட விதிகளில் ஒன்றை நானே தளர்த்தியது அவளுக்குப் பெரிய பரிசு மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் ஏறினாள். இந்த ஒரு விஷயத்தில் என் மனச்சாட்சி நிம்மதியாக இருக்கிறது.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அலமாரி சாய வேண்டும் என்றுதான் நினைத்தேன். பயந்து விட்டுவிடுவாள், இந்தப் பீங்கானெல்லாம் வம்பு, நீயே வெச்சுக்கோடி என்பாள் என்று நினைத்தேன். அலமாரிக்கும் சோபாவுக்கும் நடுவில் அவள் இருந்துவிட்டாள். பிறகு கையில் பெண் பொம்மையோடு நின்றபோது, அக்கா என்னைக் கீழேயிருந்து பார்த்தபோது, ஒரு கணம் அதைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓட வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது உண்மை. ஆனால் எங்கே வைப்பது? மேஜையில் காகிதம் இன்னும் விரித்திருக்கவில்லை. வெறும் மரத்தில் எப்படி வைப்பேன்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட அன்றைக்கே அக்கா மகள் இன்னொன்றும் கொண்டுவந்தாள். வண்டியிலிருந்த அட்டைப்பெட்டி. மேஜைமேல் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"அம்மா உங்களுக்காக ஆர்டர் கொடுத்துச் செஞ்சது, சித்தி. அன்னிக்குக் கடைசியா எடுத்து உங்களை அசத்தணும்னு இருந்தாங்க. 'அந்த ரெண்டையும் பிரிச்சா பூனை செத்துடுவா, அவகிட்டயே இருக்கட்டும், தூசி துடைச்சே அவ ஆயுசு போகுது'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

பெட்டிக்குள் ஒரு கண்ணாடி மூடி. மணி வடிவத்தில், அடியில் மரப்பீடத்தோடு. தூசி படாமல் பொம்மைகளை உள்ளே வைத்து மூடிவைக்கிற வகை. உயரம் ஒரு சாண், அகலம் சாணும் சில விரல்களும்.

அக்கா மகள் கிளம்பிய பிறகு ஜோடியை உள்ளே வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. பையனும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், இனி யாரும் துடைக்க வேண்டியதே இல்லை. அதனால் வெளியே எடுத்துவிட்டேன். துடைக்க வேண்டியதில்லை என்றால் நான் எதற்கு. மூடியையும் நகத்தால் தட்டிப் பார்த்தேன், புதுக் கண்ணாடி, இயந்திரத்தில் செய்தது, சத்தம் மட்டமாக இருந்தது. ஆனாலும் அவள் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். எதையும் நேரத்துக்குச் சொல்கிற பழக்கம் அக்காவுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

கிளம்பலாமா? ஒரு நிமிஷம், உங்கள் கோப்பையை நானே எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வருகிறேன். நீங்கள் வைத்த இடம் மேஜை ஓரம்.

கான்ஸ்டபிள் ஐயா, கடைசியாக ஒரு வரி விட்டுப்போயிற்று. அலமாரியில் இருந்தவற்றில் ஒன்றுகூடச் சேதமாகவில்லை. இந்த வீட்டில் இன்றுவரை என் கையால் எதுவும் உடைந்ததில்லை.